ஆர் பள்ளத்தாக்கு: போனவர்கள், அங்கே பார்த்த மனிதர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

பான் நகரிலிருந்து

வார இறுதி வந்தால் ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்கள் ரைன் ஆற்றுப் படகு, கொலோன் பேராலயம், இல்லையென்றால் நேராகச் சுவிட்சர்லாந்து என்று கிளம்பிவிடுகிறார்கள். பான் நகரிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆர் என்ற சிற்றாறு ஓடும் ஆர் பள்ளத்தாக்குக்கு. அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் 2021 ஜூலை வெள்ளத்தோடு முடிந்துவிடுகிறது. அலுவலகத்தில் ஒருவரிடம் அங்கே போகப்போவதாகச் சொன்னபோது, “அடுத்தவர் துக்கத்தை வேடிக்கை பார்க்கவா?” என்றார். சுருக்கென்று இருந்தது. ஆனாலும் போனேன். நீங்களும் போயிருந்தால் எழுதுங்கள். எங்கே நின்று படம் எடுக்கலாம் என்பதெல்லாம் கூகுளிலேயே கிடைக்கும். யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள், அது போதும்.

நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆல்டனாரிலிருந்து பாட் போடன்டோர்ஃப் வரை மலைச்சரிவிலேயே சுமார் 35 கிலோமீட்டர் போகிறது ‘சிவப்பு ஒயின் நடைபாதை’. முழுவதும் நடக்க என்னால் ஆகாது. ஆர்வைலரில் ஏறி டெர்னாவ் பக்கம் இறங்கினேன். இருபுறமும் திராட்சை, கீழே ஆறு. செப்டம்பர் மாதம், தண்ணீர் முழங்காலுக்குக்கூட வராது, கூழாங்கல் எல்லாம் தெரிகிறது. இதுவா ஊரையே கொண்டுபோன ஆறு என்று யாருக்கும் சந்தேகம் வரும். ஆல்டனாரில் அதற்கு முன் பதிவான உச்ச நீர்மட்டம் 2016-ல் 3.71 மீட்டர். 2021-ல் அளக்கும் கருவியையே வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தால் 10 மீட்டரை ஒட்டி வந்திருக்கிறது.

இறங்கிய கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில் இலைக்கொத்து கட்டியிருந்தார்கள். ‘ஷ்ட்ராவ்ஸ்விர்ட்ஷாஃப்ட்’ திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. திராட்சை விவசாயி தன் வீட்டு முற்றத்திலேயே தன் ஒயினை விற்கலாம்; ஆண்டில் நான்கு மாதம்தான், இருக்கையும் அளவோடுதான் என்று சட்டம். நான் ஒயின் குடிப்பதில்லை, திராட்சைச் சாறு கேட்டேன். எழுபது வயது இருக்கும், அந்தப் பெரியவர் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து வைத்தார். எந்த ஊர் என்றார். சென்னை என்றேன். அங்கே வெள்ளம் வந்ததுண்டா என்று கேட்டார்.

2015 டிசம்பரைச் சொன்னேன். அடையாறு, செம்பரம்பாக்கம் ஏரி, இரவில் வீட்டுக்குள் வந்த தண்ணீர். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்கவில்லை. முதல் கேள்வி, “முன்கூட்டியே சொன்னார்களா?” ஏரியைத் திறந்தது பலருக்கும் தெரியாது என்று இன்றைக்கும் வழக்காடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். மேசையில் லேசாகத் தட்டினார். இங்கே மாவட்ட நிர்வாகம் ஆற்றங்கரையைக் காலி செய்யச் சொன்னபோது இரவு 11 மணி தாண்டிவிட்டது. அதற்குள் மேலே இருக்கும் ஊர்களில் வீடுகள் போய்க்கொண்டிருந்தன. “மேலே போன தண்ணீர் கீழே வரும் என்று ஊகிக்க வானிலை நிபுணர் வேண்டுமா?” என்றார். பிறகு இரண்டாவது டம்ளர் சாற்றுக்குக் காசு வாங்கவில்லை.

கொலோனிலிருந்து

தம்பி, நான் 80-களின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். உங்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கு சுற்றுலா. எங்களுக்கு அது முதல் சம்பளம். அகதி முகாமில் வேலை செய்ய விடாமல் வைத்திருந்து, பிறகு அனுமதி கைக்கு வந்த வருடம் இலையுதிர்காலத்தில் திராட்சை வெட்டப் போனோம். ரெஹ் என்ற சின்னக் கிராமம்.

அந்தச் சரிவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். உழவு இயந்திரம் ஏறாது. சில தோட்டங்களில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு அதில் ஒரு சிறு வண்டி ஏறி இறங்கும். மற்றதெல்லாம் மனிதக் கால்தான். மண்ணைவிட ஸ்லேட் கல்தான் அதிகம். பகலில் வெயிலைப் பிடித்துவைத்து இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கும் என்பதால் அந்தக் கல்லை அவர்கள் பொன்னாகப் பார்ப்பார்கள். எங்களுக்கோ கால் வைத்தால் சரியும். ஒரு முழங்கால் மடிந்தும் மற்றக் கால் நீண்டும் நாள் முழுக்க நிற்க வேண்டும். குலையை வெட்டியதும் வாளியில் போட்டுவிடக் கூடாது. திருப்பிப் பார்த்து, பூஞ்சை பிடித்த மணிகளைக் கத்தரிக்கோல் நுனியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்த பிறகுதான் போட வேண்டும். ஷ்பேட்புர்குண்டர் என்ற அந்தச் சிவப்பு ஒயின் திராட்சையின் குலையில் மணிகள் ஒன்றோடொன்று நெருக்கி இருக்கும், நடுவில் ஒன்று அழுகினால் வெளியே தெரியாது. விரலெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்துப்போகும், அதற்குக் குளவி வரும்.

எங்களை மேய்த்தது தோட்டக்காரரின் தாய். கறுப்புத் துணியைத் தலையில் கட்டியிருப்பார். யாரோடும் அதிகம் பேசமாட்டார், என் வாளியைக் கவிழ்த்துச் சோதிப்பார். மதியம் பட்டாணி சூப், அதில் சொசேஜ் மிதக்கும். ஒரு வெள்ளிக்கிழமை நான் ரொட்டியை மட்டும் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, சுகமில்லையா என்று கேட்டார். தெரிந்த அரைகுறை ஜெர்மனில், வெள்ளிக்கிழமை நாங்கள் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை, சாமிக்காக, என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழும்பிப் போனார். திரும்பி வரும்போது கையில் பொரித்த உருளைக்கிழங்கு, பக்கத்தில் ஆப்பிள் கூழ். “நாங்களும் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத வீடுதான். இவன்தான் கெட்டுப்போய்விட்டான்” என்று மகனைக் காட்டினார். அந்தப் பக்கம் முழுக்கப் பழைய கத்தோலிக்கர்கள். அதற்குப் பிறகு வெள்ளி தோறும் எனக்குத் தனிச் சட்டி. கூட வேலை செய்த பெடியள் சிலர் திடீரென்று பக்திமான்களானது வேறு கதை.

பின்னேரம் டிராக்டரோடு மைஷோஸ் கூட்டுறவு ஆலைக்குப் போவோம். 1868-ல் தொடங்கியது, உலகிலேயே பழைய ஒயின் கூட்டுறவு நாங்கள்தான் என்பார்கள். அங்கே சாற்றின் இனிப்பை ‘எக்ஸ்லே’ கணக்கில் அளந்து எழுதுவார்கள். அந்த எண்ணைப் பார்க்கும்போது மகனின் முகம், பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளையின் முகம்.

வெள்ளம் வந்து சில நாளில் என் மகளும் நானும் போனோம். காரில் உள்ளே விடமாட்டார்கள். கிராஃப்ஷாஃப்ட் மேட்டில் ஒரு தொழிற்பேட்டையில் வண்டியை விட்டுவிட்டு, தொண்டர்களுக்கான பேருந்தில் இறங்க வேண்டும். பூட்ஸ், கையுறை, சேறு அள்ளும் சவள் எல்லாம் அங்கேயே கொடுத்தார்கள். பேருந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், சிரியாக்காரப் பெடியள். யாரும் யாரையும் எந்த நாடு என்று கேட்கவில்லை.

உள்ளே போனால் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். நிலவறைகளில் சூடாக்கும் எண்ணெய்த் தாங்கிகள் உடைந்து சேற்றோடு கலந்திருந்தன. வரிசையாக நின்று வாளி கைமாற்றுவோம். சேறு போனதும் சுவர்ப் பூச்சைக் கொத்தி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லுக்குள் ஈரமும் எண்ணெயும் தங்கிவிடும். பிறகு உலர்த்தும் இயந்திரங்கள், மாதக்கணக்கில். அந்தத் தோட்டத்து அம்மா எப்போதோ காலமாகிவிட்டார். மகன் கிழவராகி நின்றார். என்னை அடையாளம் தெரியவில்லை. “வெள்ளிக்கிழமை” என்றேன். சவளைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தார்.

ரெஹ் ஊர்ப் பாலத்தையும் சொல்ல வேண்டும். 1723-ல் கட்டிய கல் பாலம், மேலே வெள்ளத்திலிருந்து காப்பவர் என்று நம்பப்படும் நெபோமுக் புனிதரின் சிலை. 1910 வெள்ளத்தையும் தாங்கிய பாலம். இந்த முறை மரம், கேரவன் வண்டி, எரிவாயுத் தொட்டி எல்லாம் வந்து வளைவுகளில் அடைத்து, தண்ணீர் அணைபோல் தேங்கி, ஒரு பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. பிறகு மிச்சத்தையும் இடித்தார்கள். அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் அடைக்கும் என்பது பொறியாளர் நியாயம். எனக்கும் அது விளங்குகிறது. ஊர்ச் சனம் கோபப்பட்டதும் விளங்குகிறது.

ஆகென் நகரிலிருந்து

அண்ணா, இதற்குப் பிறகு என் கதையை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் மாணவன், சைக்கிள் பைத்தியம். எல்லோரும் கீழ்ப்பகுதியையே சொல்கிறீர்கள், நான் தலைமாட்டிலிருந்து வருகிறேன்.

ஆறு பிறப்பது பிளாங்கன்ஹைம் ஊரில், ஒரு வீட்டின் நிலவறைக்குள்! மரச்சட்டம் போட்டுக் கட்டிய 18-ஆம் நூற்றாண்டு வீடு. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கலாம். அங்கே கடல்மட்டத்திலிருந்து சுமார் 470 மீட்டர். சுமார் 85 கிலோமீட்டர் ஓடி சின்ஸிக் அருகே ரைனில் விழும்போது 50 மீட்டர் சொச்சம். பள்ளத்தாக்கோ ஒடுக்கம், மலையில் மண் ஆழமில்லை. மழை ஊறுவதற்கு இடமே கிடையாது. சைக்கிளில் மிதிக்காமலே இறங்கும்போது இது நன்றாகப் புரிகிறது.

மேல் பகுதிக் கிராமங்களில் ஆளே கண்ணில் படமாட்டார்கள். வீட்டுச் சுவரை ஒட்டி விறகு, அளவெடுத்து அடுக்கியதுபோல. ஒரு வாசலில் மேசை போட்டு முட்டை, உருளைக்கிழங்கு, பூசணி வைத்து, பக்கத்தில் காசு போட ஒரு தகரப் பெட்டி. என்னிடம் சில்லறை இல்லை. ஐந்து யூரோ நோட்டைப் போட்டுவிட்டு மூன்று யூரோவுக்குத்தான் முட்டை எடுத்தேன். கிளம்பும்போது பின்னால் ஒரு குரல்: மீதிக்கு ஆப்பிள் எடுத்துக்கொள். இவ்வளவு நேரம் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தாத்தா உட்கார்ந்து கவனித்திருக்கிறார். நேர்மைப் பெட்டிதான், ஆனால் காவலும் உண்டு!

ஆப்பிளைத் தின்றுகொண்டே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசியதில் ஒரு வரலாற்று வகுப்பே நடந்தது. 1804 ஜூலையில் ஒரு பெருவெள்ளம், 63 பேர் இறந்தார்கள். 1910 ஜூனில் இன்னொன்று, ஐம்பதுக்கு மேல். அதில் பலர் மேல் பகுதியில் ரயில் பாதை போட வந்திருந்த வெளியூர்த் தொழிலாளர்கள், ஆற்றோரக் கொட்டகையில் தங்கியவர்கள். அதற்குப் பிறகு மேலே தண்ணீரைத் தேக்கிவைக்கத் தொட்டிகள் கட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள். 1920-களில் அதைக் கைவிட்டு, வேலையில்லாதவர்களுக்கு வேலை தருகிறோம் என்று பக்கத்து மலையில் நூர்பர்க்ரிங் கார்ப் பந்தயத் தடத்தைக் கட்டினார்கள். 1927-ல் திறந்தது. “ஆற்றுக்கு இல்லாத காசு காருக்கு இருந்தது” என்றார் தாத்தா. இத்தனைக்கும் அவர் பேரன் அந்தத் தடத்தில்தான் மெக்கானிக்.

1804, 1910 இரண்டும் வெள்ள அபாய வரைபடக் கணக்கில் சேராமலே போயின. அதிகாரிகளுக்குத் தெரியாத கதை வேலியோரத் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது.

பாட் நொயனாரிலிருந்து

நான் இங்கேயே இருக்கிறவள். நாகர்கோவில்காரி, ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் செவிலி. இந்த ஊர் ஊற்று நீருக்கும் சிகிச்சைக்கும் பேர் போனது. 1852-ல் ஒருவர் தன் திராட்சைத் தோட்டத்தில் கிணறு தோண்ட, கண்டுபிடித்த ஊற்றுதான் அப்போலினாரிஸ் தண்ணீர். நான் வந்தது வெள்ளத்துக்குப் பிறகு. நோயாளிகளிடமிருந்துதான் அந்த இரவை அறிந்தேன்.

யாரிடமும் நானாகக் கேட்க மாட்டேன். அவர்களாகத்தான் தொடங்குவார்கள், பெரும்பாலும் மழை பெய்கிற சாயங்காலம். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒரு பாட்டி, மழை தொடங்கினால் மணியடிப்பார். வலி என்று நினைத்து ஓடினால், “உன் போனில் அந்த மழை வரைபடத்தைக் காட்டு” என்பார். பச்சை நிறம் என்றால் சரி என்று தலையாட்டுவார். மஞ்சள் வந்தால் தூங்க மாட்டார். மூன்றாம் மாடியில் இருக்கிறோம் பாட்டி என்று ஒருநாள் சொன்னேன். “அன்றைக்கு நானும் மாடியில்தான் இருந்தேன். படிக்கட்டில் ஏறி வந்தது” என்றார். அதற்குப் பிறகு நானே முதலில் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லிவிடுவேன்.

அன்று பள்ளத்தாக்கில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சின்ஸிக் ஊரில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்தின் தரைத்தளத்தில் இருந்தவர்கள் மட்டும் 12 பேர். இரவுப் பணி பார்க்கிற எங்களுக்கு அந்த எண் வேறு மாதிரி மனதில் உட்காரும்.

இருந்தாலும் எப்போதும் அழுதுகொண்டிருக்கும் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். அதே பாட்டியைப் பற்றி இன்னொன்று. நவம்பரில் புனித மார்ட்டின் விழா. மற்ற ஊர்களில் பிள்ளைகள் விளக்கோடு ஊர்வலம் போவார்கள், ஒரு தீ மூட்டுவார்கள், அவ்வளவுதான். ஆர்வைலரில் அது போட்டி. மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரை வாசல் வாரியாக நான்கு ‘ஹூட்’களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஹூட்டின் இளைஞர்களும் எதிர்மலைத் திராட்சைச் சரிவில் தீப்பந்தங்களை நட்டு உருவம் அமைப்பார்கள். இருட்டில் மலை முழுக்க நெருப்புச் சித்திரம். பாட்டியைச் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் கொண்டுபோனால், அங்கிருந்து மலையின் ஒரு முனைதான் தெரிகிறது. பாட்டிக்கு வந்த கோபம்! இது அடுத்த ஹூட்காரர்களுடையது, இதைப் பார்க்கவா என்னைக் கொண்டுவந்தாய் என்று. கடைசியில் அவர் பேத்தி வீடியோவில் காட்ட, “நம்முடையதுதான் நேராக இருக்கிறது, அவர்களுடையது கோணல்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் மாத்திரையை வாங்கினார். எனக்கு எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் மேலத்தெரு, கீழத்தெரு சண்டை ஞாபகம் வந்தது.

வேடிக்கை பார்ப்பது பற்றிக் கேட்டீர்களே. பாலத்தில் நின்று இடிந்த வீட்டோடு செல்ஃபி எடுத்தவர்கள் உண்டு, அவர்கள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் ஆள் வராவிட்டால் விடுதியும் கடையும் எப்படிப் பிழைக்கும்? இங்கே எல்லோரும் “வாருங்கள்” என்றுதான் சொல்கிறார்கள்.

கொப்ளென்ஸிலிருந்து

சுருக்கமாக ஒன்று. ஆர்வைலர் மேட்டில் இருக்கும் அரசுப் பதுங்குகுழியை விட்டுவிடாதீர்கள். பான் தலைநகராக இருந்த காலத்தில் அணுகுண்டுப் போர் வந்தால் அரசாங்கம் ஒளிய, திராட்சைத் தோட்டங்களுக்கு அடியில் கட்டியது. 17 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 3,000 பேர் 30 நாள் தாக்குப்பிடிக்க. 2008 முதல் அதில் 200 மீட்டர் அளவு அருங்காட்சியகம். வழிகாட்டி அந்தப் பகுதிக்காரர். ரயிலே ஓடாத ரயில் சுரங்கம் அது, இடையில் காளான் வளர்த்தார்கள், நாஜிகள் காலத்தில் கைதிகளை வதைத்து ராக்கெட் வேலை செய்ய வைத்தார்கள் என்று ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டு போனார். ஊர்க்காரர்களுக்கு உள்ளே இடம் உண்டா என்று எங்கள் குழுவில் ஒரு சிறுவன் கேட்டான். “இல்லை” என்றார். அடுத்த அறைக்கு நடந்தார்.

பான் நகரிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. கொலோன் அண்ணாவிடம் ஒரு கேள்வி: சேறு பூசிய பாட்டில்களை அப்படியே விற்றார்களாமே, நீங்கள் பார்த்தீர்களா?

கொலோனிலிருந்து

பார்த்ததா, நான் ஒன்றைத் துடைக்கப் போய், அந்த அம்மாவின் மகன் என் கையைப் பிடித்துத் தடுத்தார். நிலவறைகளில் தப்பிய பாட்டில்களை ஒயின்காரர்கள் சேர்ந்து ‘வெள்ள ஒயின்’ என்று இணையத்தில் விற்று, 40 லட்சம் யூரோவுக்கு மேல் திரட்டினார்கள். தோட்டங்கள் பெரும்பாலும் மேட்டில் இருந்ததால் அந்த வருடத் திராட்சை தப்பியது. ஆனால் பிழிகிற இயந்திரமும் பீப்பாயும் போய்விட்டன. மோசல் போன்ற மற்ற ஒயின் பகுதிகளிலிருந்து ஆட்களும் இயந்திரங்களும் வந்துதான் அறுவடை நடந்தது.

நீங்கள் செப்டம்பர் கடைசியில் போனால் வெட்டு நடக்கும். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது, கிழமை நாளில் போங்கள். கையில் சில்லறை வையுங்கள், சின்ன இடங்களில் அட்டை எடுக்கமாட்டார்கள். தோட்டத்துக் குலையில் கைவைக்காதீர்கள், ஒரு மணியைக்கூட. மேலே எங்கேயோ ஒரு தாய் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.